பூட்டின் மேல் விழும் பழி

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில், சாலையை விட்டுக் கீழே இறங்கும் ஒரு சரிவில் அந்தத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கிறார்கள். மாலையில் வேன்களில் இலை வந்து இறங்கும். எடை போட்டதும் வாட்டும் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விடுவார்கள். விடிய விடிய இலை வாடும். எந்தத் தொட்டி இலை எந்த நேரத்தில் மெஷினுக்குத் தயார் என்பதை டீ மேக்கர் ஒரு பிடி இலையை உள்ளங்கையில் உருட்டி, விரித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். இப்போதும் அப்படித்தான் பார்க்கிறார். கூடவே ஒவ்வொரு தொட்டியிலும் ஈரப்பதத்துக்கும் வெப்பத்துக்கும் சென்சார்கள் இருக்கின்றன. அந்தக் கணினி வேலையைக் கவனித்துக்கொள்வது நான்.

ஒரு நவம்பர் இரவு டீ மேக்கர் போன் செய்தார். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. வழியில் மரம் விழுந்து சாலை அடைபட்டிருந்தது.

"தம்பி, ஸ்க்ரீன்ல எல்லாத் தொட்டியும் ஏழே முக்கால்லயே நிக்குது."

"ஃபேன் ஓடுதாண்ணே?"

"ஃபேன் ஓடுது. நம்பர்தான் ஓடல."

இலைக்கு ஆபத்தில்லை, அவர் கை இருக்கிறது. ஆனால் எண்கள் எங்கே தேங்கின என்று நான் பார்த்தாக வேண்டும். வீட்டிலிருந்தபடி, ஓடும் ஜாவா நிரல்களை எட்டிப் பார்க்க உதவும் ஜேகன்சோல் என்ற கருவியைத் திறந்து தொழிற்சாலைக் கணினியின் முகவரியைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு ஒரு பெட்டி வந்தது. பாதுகாப்பான இணைப்பு தோற்றுவிட்டது, பாதுகாப்பில்லாமல் மறுபடி முயலட்டுமா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பெட்டியைப் பற்றியது. இணைப்பை மறையாக்கிக் காக்கும் டி.எல்.எஸ் என்ற பூட்டு சரியில்லை என்று அது சொல்வதுபோல் இருக்கும். உண்மையில் முதல் முயற்சி எந்தக் காரணத்தால் தோற்றாலும் ஜேகன்சோல் இதே பெட்டியைத்தான் காட்டும். வழி அடைபட்டிருந்தாலும், முகவரி தப்பாக இருந்தாலும், அந்தப் பக்கம் கணினியே ஓடாவிட்டாலும் இதே வாசகம். அதைப் படிப்பவர் பூட்டைத்தான் சந்தேகப்படுவார், அடுத்து அதைக் கழற்றப் போவார். நான் பார்த்த வரையில், வெளியிலிருந்து திறந்து கிடந்த சர்வர்களில் பல இப்படி ஒரு நாள் அவசரத்தில் திறக்கப்பட்டு, அப்புறம் மூடப்படாதவை.

முதலில் மெசேஜ் புரோக்கர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சென்சார்களுக்கும் அவை தரும் எண்களைப் பயன்படுத்தும் நிரல்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, வருவதை வாங்கி வரிசையில் வைத்து, உரியவரிடம் சேர்க்கும் மென்பொருள் அது. எங்கள் தொழிற்சாலையில் ஓடுவது ஜாவாவில் எழுதிய அப்பாச்சி ஆக்டிவ்எம்க்யூ. சென்சார்கள் அதனோடு எம்.க்யூ.டி.டி நெறிமுறையில் பேசுகின்றன. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக உருவாக்கிய நெறிமுறை அது. மெலிந்த, அடிக்கடி அறுந்துபோகும் இணைப்புக்கென்றே செய்தது என்பதால் மலைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

புரோக்கருக்குப் பல வாசல்கள் உண்டு. செய்திகள் 1883, 8883, 61616 போன்ற போர்ட்டுகளில் வந்து போகும். நிர்வாகம் வேறு வாசலில் நடக்கும். வரிசையில் எத்தனை செய்தி தேங்கியிருக்கிறது, எடுத்துக்கொள்பவர் யாராவது இருக்கிறாரா, நினைவகம் எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் ஜாவா நிரல்களை நிர்வகிக்கும் ஜே.எம்.எக்ஸ் வழியாகவோ 8161-இல் இருக்கும் வலைக் கன்சோல் வழியாகவோதான் பார்க்க முடியும். செய்திகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே நிர்வாக வாசல் மட்டும் அடைந்துகொள்ளலாம். "மெசேஜ் எல்லாம் போகுதே, நெட்வொர்க் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்பவரை நம்பிவிடக் கூடாது.

அன்றைய கோளாறுக்கு வருகிறேன். ஜே.எம்.எக்ஸ் தொலைவிலிருந்து பேசும்போது ஆர்.எம்.ஐ என்ற ஜாவா முறையைப் பயன்படுத்துகிறது. அதில் இணைப்பு ஒரே எட்டில் முடிவதில்லை. முதலில் ரெஜிஸ்ட்ரி என்ற கவுண்டருக்குப் போக வேண்டும். ஆக்டிவ்எம்க்யூவில் வழக்கமாக அது 1099. அங்கே நமக்கு ஒரு சீட்டு கிடைக்கும். "நீங்கள் பார்க்க வேண்டியவர் இந்த முகவரியில், இந்த போர்ட்டில் இருக்கிறார்" என்று அதில் எழுதியிருக்கும். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு இரண்டாவது இணைப்புக்குப் போக வேண்டும்.

அந்தச் சீட்டை எழுதுவது சர்வர். அது தன்னைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைத்தான் எழுதும். டெபியன் வழிவந்த லினக்ஸை நிறுவினால், பெயர்களுக்கு முகவரி குறித்து வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கணினியின் பெயருக்கு நேராக 127.0.1.1 என்ற முகவரி எழுதப்படும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலும் அப்படித்தான். ஜாவா தன் முகவரியைத் தேடும்போது இந்த எண் கிடைக்கும், அதையே சீட்டில் எழுதிக் கொடுத்துவிடும். 127-இல் தொடங்கும் முகவரி எல்லாமே "இங்கேயே" என்று அர்த்தம். குன்னூர் பஸ் நிலையத்தில் ஒருவர் "ஆபீஸ் இங்கேயேதான்" என்று எழுதிக் கொடுத்த சீட்டை மேட்டுப்பாளையத்தில் போய்ப் பிரித்துப் படித்தால் எப்படி? என் மடிக்கணினி அந்தச் சீட்டைப் படித்துவிட்டுத் தன்னிடமே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. அதைத்தான் பாதுகாப்பான இணைப்பு தோற்றது என்று பெட்டி சொன்னது. பூட்டு வரைக்கும் நாங்கள் போய்ச் சேரவே இல்லை.

அந்த வாரம்தான், சென்சார் பொருத்தித் தந்த நிறுவனம் கணினியின் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிட்டுப் போயிருந்தது. நான் முன்பு திருத்தி வைத்திருந்த ஹோஸ்ட்ஸ் கோப்பும் அதோடு போய்விட்டது. என்னிடம் சொல்லவில்லை.

இதற்கான மருந்து நீளமானதல்ல. ஜாவாவைத் தொடங்கும் கட்டளையில் ஆர்.எம்.ஐ சர்வரின் ஹோஸ்ட்நேம் என்ற அமைப்பில், வெளியிலிருந்து எட்டக்கூடிய பெயரையோ முகவரியையோ கொடுத்துவிட வேண்டும். சீட்டில் அது எழுதப்படும். கூடவே இரண்டாவது போர்ட்டையும் கட்டிப்போட வேண்டும். சும்மா விட்டால் ஜாவா ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கண்ணில் பட்ட ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். ஃபயர்வாலில் எதைத் திறந்து வைப்பது? நேற்று வேலை செய்தது, இன்று மின்சாரம் போய் வந்ததும் வேலை செய்யவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஜாவா 7-இன் நான்காவது புதுப்பிப்பிலிருந்து இந்த போர்ட்டை நாமே நிர்ணயிக்க வழி இருக்கிறது. 1099-ஐயே இரண்டுக்கும் கொடுக்கலாம், ஃபயர்வாலில் ஒரு துளை போதும். ஆனால் அப்படி ஒரே போர்ட்டில் வைக்க வேண்டுமானால் ரெஜிஸ்ட்ரிக்கும் டி.எல்.எஸ் போட்டிருக்க வேண்டும். ஒன்றுக்குப் பூட்டு, இன்னொன்றுக்கு இல்லை என்றால் இரண்டும் ஒரே போர்ட்டில் உட்காராது.

ரெஜிஸ்ட்ரிக்குப் பூட்டுப் போட்டபின் பழைய கருவி ஒன்று பூட்டில்லாமல் அங்கே போய்ப் பேசினால், "ஜே.ஆர்.எம்.பி அல்லாத சர்வர்" என்ற பொருளில் ஒரு பிழை வரும். அந்தச் சொற்றொடரில் டி.எல்.எஸ் என்ற பேச்சே இருக்காது. அந்தப் பக்கத்திலிருப்பது ஆர்.எம்.ஐ பேசும் சர்வர் இல்லை என்று சொல்லும், அவ்வளவுதான். இரு தரப்பும் வேறு வேறு மொழியில் பேசுகின்றன என்று புரிந்துகொண்டால் சரி. முதல் பெட்டி பூட்டில் இல்லாத குற்றத்தைப் பூட்டின் மேல் போட்டது. இங்கே நிஜமாகவே பூட்டைச் சேர்ந்த விஷயம், அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் வருகிறது.

இன்னொரு கோளாறையும் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையில் இருப்பவர்களைத்தான் அது அதிகம் படுத்துகிறது. போர்ட் திறந்திருக்கிறது. அந்தப் பக்கம் எட்டுகிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் சோதனைச் செய்தியான பிங் போகிறது. இணைப்பு தொடங்குகிறது. அப்புறம் ஒன்றுமில்லை. பிழைச் செய்தியும் வராது, நிமிடக்கணக்கில் தொங்கிக்கொண்டு நிற்கும்.

டி.எல்.எஸ் இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கலில் முதலில் பேசுவது நாம். நம் செய்தி சின்னது, சில நூறு பைட்டுகள். பதிலுக்கு சர்வர் தான் யார் என்று காட்டும் சான்றிதழ்களை அனுப்ப வேண்டும். இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்தால் அது சில ஆயிரம் பைட்டுகள் ஆகிவிடும். அதனால் தகவலைச் சுமந்து வரும் பாக்கெட்டுகள் முழு அளவில் நிரம்பி வரும். வழக்கமான ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். பி.பி.பி.ஓ.இ முறையில் வரும் பிராட்பேண்டில் 1492தான். இணையத்தின் நடுவே மறையாக்கிய தனிவழி போடும் வயர்கார்டு சுரங்கத்துக்குள் வழக்கமாக 1420. குறுகிய இடத்தில் பெரிய பாக்கெட் வந்து முட்டினால், அங்கிருக்கும் ரூட்டர் "இது பெரிசு, சின்னதாக்கி அனுப்பு" என்று ஐ.சி.எம்.பி செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். வழியில் யாரோ பாதுகாப்பு என்று நினைத்து, பிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐ.சி.எம்.பி செய்திகளை அடைத்து வைத்திருந்தால், அந்தச் செய்தி சர்வருக்குப் போய்ச் சேராது. சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். பர்லியாறு கொண்டை ஊசியில் நீளமான லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டால் பைக்குகள் ஓரமாக நுழைந்து போய்விடும் அல்லவா, அதுபோலத்தான் பிங் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்புக்கான 28 பைட் சேர்ந்தால் 1500. அது போகாமல் 1464 போகிறது என்றால் வழியில் 1492 அளவுக் குறுகல் இருக்கிறது. 1392-தான் போகிறது என்றால் 1420. ரூட்டரில், இரு பக்கமும் சின்னத் துண்டுகளாகவே அனுப்பச் செய்யும் எம்.எஸ்.எஸ் கிளாம்பிங்கைப் போட்டுவிட்டாலோ சுரங்கத்தின் எம்.டி.யு என்ற பாக்கெட் உச்ச அளவைக் குறைத்துவிட்டாலோ அடுத்த நொடி கைகுலுக்கல் முடிந்துவிடும். நான் முதல்முறை இதைச் சந்தித்தபோது இரண்டு நாள் சான்றிதழ்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். சான்றிதழ்களில் ஒரு குறையும் இல்லை.

பனிமூட்டத்தால் ரேடியோ இணைப்பு கெடுகிறது என்று ஊரில் சொல்வார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் மூடுபனி அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை. நனைந்த இலைகளோடு குறுக்கே நிற்கும் மரம்தான் சிக்னலைத் தின்கிறது. இரண்டு வருடத்தில் வளர்ந்துவிட்ட ஒரு சில்வர் ஓக் கிளையை வெட்டியதும் எங்கள் இணைப்பு நிமிர்ந்தது.

நிஜமாகவே பூட்டில் கோளாறு இருக்கும் நாட்களும் உண்டு. சான்றிதழ் பாதையைக் கட்ட முடியவில்லை என்ற பொருளில் "பி.கே.ஐ.எக்ஸ்" என்று தொடங்கும் பிழை வந்தால், சர்வர் காட்டிய சான்றிதழுக்குக் கையெழுத்திட்டவரை நம் பக்கத்தில் நம்பத்தக்கவர்களின் பட்டியலான டிரஸ்ட்ஸ்டோருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். சொந்தமாகக் கையெழுத்திட்ட சான்றிதழ் என்றால் அதை ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். ஜேகன்சோலில் டிரஸ்ட்ஸ்டோரின் இடத்தைச் சொல்லும்போது அந்த அமைப்புக்கு முன்னால் 'மைனஸ் ஜே' சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அமைப்பு அடியிலிருக்கும் ஜாவாவுக்குப் போகாது. பெயர் பொருந்தவில்லை என்று வந்தால், நாம் அழைக்கும் பெயரோ ஐ.பி முகவரியோ சான்றிதழின் மாற்றுப் பெயர்ப் பட்டியலில் இல்லை. பழைய ஜாவா ஓடும் கணினி என்றால் நெறிமுறைப் பதிப்பைப் பாருங்கள். 2021 ஏப்ரல் புதுப்பிப்புகளிலிருந்து ஜாவாவில் டி.எல்.எஸ் 1.0, 1.1 இரண்டும் அணைத்தே வருகின்றன.

மலையில் நேரக் கணக்கும் தகராறு செய்யும். ராஸ்பெரி பை 4 வரை வந்த பலகைகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போனால் நேரமும் நின்றுவிடும். திரும்ப எழும்போது கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து தொடங்கி, இணையம் கிடைத்ததும் சரிசெய்துகொள்ளும். காற்றடித்து மின்கம்பி அறுந்து, இணையமும் இல்லாமல் எழுந்தால் அது நேற்றைய நேரத்திலேயே வாழும். எங்கள் அமைப்பில் இரு பக்கமும் சான்றிதழ் காட்ட வேண்டும். ஒருமுறை என் சான்றிதழைக் காலையில் புதுப்பித்தேன். கடிகாரம் பின்தங்கிய தொழிற்சாலைக் கணினிக்கு அது நாளைக்குப் பிறக்கப்போகும் சான்றிதழாகத் தெரிந்தது, மறுத்துவிட்டது. என் திரையில் "சான்றிதழ் சரியில்லை" என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு வரி வந்தது. காரணம் முழுதும் அந்தப் பக்கத்துப் பதிவேட்டில்தான் இருந்தது. அதனால் ஜாவாவின் எஸ்.எஸ்.எல் (டி.எல்.எஸ்-இன் பழைய பெயர்) கைகுலுக்கல் பதிவை எப்போதும் இரு பக்கமும் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எரிச்சலூட்டும் அளவுக்கு நீளமாகத்தான் எழுதும். எந்த அடியில் பேச்சு நின்றது என்று மட்டும் பார்த்தால் போதும்.

கடவுச்சொல் கோப்பைப் பற்றி ஒரு வரி: ஜே.எம்.எக்ஸ் கடவுச்சொல் கோப்பை அதன் உரிமையாளர் தவிர வேறு யாராலும் படிக்க முடிந்தால் ஜாவா தொடங்கவே மறுக்கும். அது சரியான பிடிவாதம்.

அந்தப் பெட்டிக்குத் திரும்புகிறேன். பாதுகாப்பில்லாமல் முயலும் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? சர்வர் டி.எல்.எஸ் கட்டாயம் என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகாது, மறுபடியும் தோற்கும். ஆபத்து அதற்கு அடுத்த அடியில் இருக்கிறது. சரி, பூட்டுதான் தொல்லை என்று முடிவுகட்டி, சர்வரில் போய் எஸ்.எஸ்.எல் அமைப்பை அணைத்துவிடுவார்கள். அதன்பின் கடவுச்சொல் வெட்டவெளியில் போகும். ஜே.எம்.எக்ஸ் வெறும் ஜன்னல் இல்லை. எழுதும் உரிமையோடு உள்ளே வருபவர் வரிசையை அழிக்கலாம், புரோக்கரை நிறுத்தலாம், அந்தக் கணினியில் தனக்கு வேண்டிய நிரலையே ஓட்டவும் வழி தேடலாம்.

ஆக்டிவ்எம்க்யூவின் கதையே இதற்குச் சாட்சி. 5.15.12-க்கு முந்தைய பதிப்புகளில், கடவுச்சொல் இல்லாமலே ரெஜிஸ்ட்ரிக்குப் போய் அந்தச் சீட்டை மாற்றி எழுத முடிந்தது. தன் முகவரியை எழுதி வைத்துவிட்டு, நிர்வாகி வந்து கடவுச்சொல்லைக் கொடுக்கும்வரை ஒருவர் காத்திருக்கலாம். மென்பொருள் ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சி.வி.இ-2020-13920 என்ற எண்ணில் அது பதிவாகியிருக்கிறது. 2023 அக்டோபரில் வெளியான சி.வி.இ-2023-46604 இன்னும் மோசம். 61616 போர்ட்டை எட்ட முடிந்தால் போதும், கடவுச்சொல் இல்லாமல் சர்வரில் கட்டளை ஓட்டலாம் என்ற நிலை. தீவிர அளவுகோலில் பத்துக்குப் பத்து. கோப்புகளை மறையாக்கிப் பணம் கேட்கும் கும்பல்கள் உடனே அதைப் பயன்படுத்தத் தொடங்கின. 5.15.16, 5.16.7, 5.17.6, 5.18.3 ஆகிய பதிப்புகளில் அடைத்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் என்ன இருக்கிறது, யார் வரப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இணையத்தில் போர்ட் தேடும் நிரல்களுக்கு அது வங்கியா, வாட்டும் தொட்டியா என்று தெரியாது. கணக்கும் எடைப் பதிவும் மறையாக்கப்பட்டால், இலை கொடுத்த விவசாயிக்கு அந்த வாரப் பணம் நிற்கும்.

இப்போது நான் எந்த நிர்வாக போர்ட்டையும் இணையத்தின் பக்கம் திறப்பதில்லை. திறக்க நினைத்தாலும் முடியாது. 4ஜி ரூட்டரின் நிலைப் பக்கத்தில் 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட முகவரி தெரிந்தால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை நிறுவனம் நிறுத்தியிருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து உள்ளே வர வழியே இல்லை. அதனால் தொழிற்சாலைக் கணினியே வெளியே வந்து, பொது முகவரி உள்ள ஒரு சின்ன சர்வரோடு வயர்கார்டு சுரங்கம் போட்டுக்கொள்கிறது. 25 நொடிக்கு ஒருமுறை உயிர்ச் சைகை அனுப்பி வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஆர்.எம்.ஐ சீட்டிலும் சான்றிதழின் பெயர்ப் பட்டியலிலும் சுரங்கத்தின் உள்முகவரியே இருக்கிறது. சுரங்கத்துக்குள் டி.எல்.எஸ் எதற்கு என்று கேட்கலாம். ஒன்று தவறினால் இன்னொன்று இருக்கட்டும் என்பதற்காகத்தான்.

அன்றாடம் பார்க்க ஜோலோக்கியாவையே பயன்படுத்துகிறேன். ஜே.எம்.எக்ஸ் தரும் அதே தகவலை அது ஒரே போர்ட்டில், எச்.டி.டி.பி வழியாகத் தரும். சீட்டு விவகாரம் இல்லை. அதற்கும் ஒரு குணம் உண்டு. எந்த மூலத்திலிருந்து வருகிறோம் என்ற தலைப்பை அனுப்பாமல் கேட்டால், கடவுச்சொல் சரியாக இருந்தாலும் 403, அதாவது அனுமதி இல்லை, என்று திருப்பிவிடும். ஆக்டிவ்எம்க்யூ 5.16.0-லிருந்து வலைக் கன்சோல் 127.0.0.1-இல் மட்டுமே கேட்கிறது. பதிப்பை உயர்த்தியதும் கன்சோல் திறக்கவில்லை என்று பலர் சான்றிதழைக் கிளறினார்கள். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதை எல்லா முகவரிக்கும் திறந்துவிடாமல், தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்.எஸ்.எச் சுரங்கம் வழியாக உள்ளே போய்ப் பார்ப்பதே நல்லது.

அந்த நவம்பர் இரவில் எஸ்.எஸ்.எச் வழியாக உள்ளே போய் ஹோஸ்ட்நேம் வரியைச் சேர்த்து, புரோக்கரை மறுபடி தொடங்கினேன். ஜேகன்சோல் உடனே திறந்தது. வரிசையில் ஆயிரக்கணக்கில் செய்திகள் தேங்கி நின்றன. அவற்றை எடுத்துக்கொள்பவர் எண்ணிக்கை பூஜ்யம். எண்களை வாங்கித் திரைக்கு அனுப்பும் நிரல் ஏழே முக்காலுக்கு விழுந்து, எழாமலே இருந்திருக்கிறது. அதை எழுப்பியதும் வரிசை வடிந்தது. ஒரு எண்கூடத் தொலையவில்லை.

டீ மேக்கருக்குப் போன் செய்தேன். "வந்திருச்சு தம்பி. நாலாம் தொட்டி ரெடின்னு காட்டுது. நான் அப்பவே எடுத்துட்டேன்" என்றார்.

சாலை திறந்ததும் நேரில் போனேன். எடைப் பதிவேடு வைத்திருக்கும் அக்காவின் மேசைக்கு மேலே தினசரி காலண்டர் தொங்குகிறது. புரோக்கரின் சான்றிதழ் காலாவதியாகும் நாளுக்கு இரண்டு வாரம் முந்தைய தாளில், சிவப்பு மையில் என் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைத்துவிட்டு வந்தேன்.